புதன்கிழமை டாக்டர்

சிவகாசியில் கடை வைத்திருந்தும் எங்கள் குடும்பம் பட்டாசு விற்றதில்லை. அட்டைதான் எங்கள் வியாபாரம். பட்டாசு கம்பெனிகளுக்கு வேண்டிய பேப்பர் குழாய், உள்பெட்டி, அட்டைத் தாள் எல்லாம் எங்கள் கடையிலிருந்து போகும். அத்தா ஆரம்பித்த கடை, அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. சின்ன லோடு வண்டி ஒன்று இருக்கிறது. அதை நானே ஓட்டிப் போய் சரக்கை இறக்கிவிட்டு வருவேன். ஆமத்தூர் பக்கம், சாத்தூர் ரோடு, ஆனைக்குட்டம் வழி என்று தினமும் ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போகவேண்டியிருக்கும். கடைக்குள் உட்கார்ந்திருப்பதைவிட அந்த ஓட்டம்தான் எனக்குப் பிடிக்கும்.

ஆனைக்குட்டம் அணைக்குப் போகிற வழியில் இருந்த ஒரு கம்பெனியில் போர்மேனாக இருந்தவரை நான் அண்ணாச்சி என்பேன். அவர் என்னைப் பாய் என்பார். ஆனைக்குட்டத்துக்காரர்தான். அணைத் தண்ணீர் பாயும் நிலம் கொஞ்சம் உண்டு. அதைத் தம்பி பார்த்துக்கொள்ள, இவர் கம்பெனிக்கு வந்துவிட்டார். லோடு இறக்கும்போது பக்கத்திலேயே நிற்பார். ஒரு குழாயை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பாய், குழாய்னு சொல்லி அப்பளத்தைச் சுருட்டிக் கொண்டாந்திருக்கீக?" என்பார். "பொரிச்சுத் தரட்டுமா அண்ணாச்சி?" என்று நான் கேட்பேன். குழாய்க் கட்டுகளைத் தூக்கிப் போக வந்து நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள்.

சீசன் வேலை மும்முரமாக இருந்த ஒரு கோடை நாள். லோடு இறக்கி முடித்ததும், "இருங்க பாய், ஒரு டீ குடிச்சிட்டுப் போவோம்" என்றார் அவர். மத்தியான லுஹர் தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லி நான் வண்டியை எடுத்தேன். கேட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவதற்காக அவரும் கூடவே நடந்து வந்தார். ரோட்டில் ஏறிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன், சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் வெடிச்சத்தம் புதிதல்ல. கம்பெனிகளில் சரக்கைச் சோதித்துப் பார்க்க வெடிப்பார்கள், கல்குவாரியில் வெடி வைப்பார்கள். யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டோம். ஆனால் விபத்தின் சத்தம் எங்களுக்குத் தனியாகத் தெரியும். அது காதுக்கு முன்னால் காலில் ஏறும். அப்படி ஏறியதும் வண்டியைத் திருப்பினேன். கேட்டில் அண்ணாச்சி ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றுகொண்டிருந்தார். என்னோடு கேட்டு வரைக்கும் வந்ததால் உயிரோடு இருந்தார். காயம்பட்ட இரண்டு பெண்களை வண்டியில் ஏற்றி, கீழே விரித்திருந்த அட்டையிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். வெடித்த ஷெட்டுக்குள் இருந்தவர்கள் பிழைக்கவில்லை. நாங்கள் அப்பளம் என்று பேசியபோது சிரித்தவர்களில் சிலர் அதில் இருந்தார்கள். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம்.

ஆச்சரியம் என்னவென்றால், அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே கடை திறந்தேன். வேறு கம்பெனிகளுக்கு லோடு அடித்தேன். தீபாவளி வரைக்கும் ஆர்டர் ஆர்டர் என்று ஓடினேன். "பாய்க்கு மனசு கல்லு" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தீபாவளி முடிந்து, வியாபாரம் ஓய்ந்து, மழை பிடித்த பிறகுதான் வந்தது. ஒரு மத்தியானம் கடையில் அட்டைக் கட்டு ஒன்று மேலிருந்து சரிந்து தொப்பென்று விழுந்தது. அவ்வளவுதான். நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. கை மரத்துப்போனது. மழைக் குளிரில் சட்டை முழுக்க வியர்வை. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் பாதியிலேயே நின்றது. மாரடைப்பு, இதோ போகப்போகிறோம் என்று முடிவே செய்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஈசிஜி எடுத்தார்கள். இருதயம் நன்றாக இருக்கிறது, வாயுவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த வாயு வாரத்துக்கு ஒரு முறை வந்தது. அப்புறம் தினமும் வந்தது. குக்கர் விசில் அடித்தால் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனால், பின்னால் ஆட்கள் நிறைந்து வாசல் மறைந்ததும் வந்தது. அதனால் வாசலை ஒட்டிக் கடைசி வரிசையில் நிற்க ஆரம்பித்தேன். பிறகு பள்ளிவாசலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். லோடு வண்டியைத் தொடவில்லை. வாடகை வண்டியில் சரக்கை அனுப்பினேன். மதுரையில் போய் ஸ்கேன், டிரெட்மில் என்று எல்லாம் பார்த்தோம். எங்கே போனாலும் "உங்களுக்கு ஒண்ணும் இல்லை" என்றுதான் சொன்னார்கள். ஒன்றும் இல்லை என்று கேட்பதைவிட ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் என் மனைவி அழைத்துப் போனாள். அவர் ஓதித் தண்ணீர் கொடுத்தார். என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, "துஆவும் செய்யுங்க, மருத்துவமும் பாருங்க. ரெண்டும் அவன் குடுத்ததுதான்" என்றார். எந்த மருத்துவத்தைப் பார்ப்பது என்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

அது என் மனைவிக்குத் தெரிய வந்தது ஒரு நர்ஸ் மூலமாக. எங்கள் தெருப் பக்கம் அரசு சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் வீடு வீடாக வருவார். பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். என் மனைவிக்குப் பிரஷர் உண்டு. ஒரு நாள் காலையில் அளந்து பார்த்தவர், "என்னக்கா, இம்புட்டு ஏறிக் கெடக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஒன்றுமில்லை என்றிருக்கிறாள். நர்ஸ் விடவில்லை. "தூக்கம் எப்படி இருக்கு? மனசுக்குள்ள ஏதும் பாரமா இருக்கா? இதெல்லாம் கேக்கச் சொல்லித்தான் எங்களுக்கு இப்ப டிரெயினிங் குடுத்திருக்காக" என்று கேட்டதும் இவள் அழுதுவிட்டாள். என் கதையையும் சொல்லிவிட்டாள்.

மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே மெல்ல ஆரம்பித்தாள். "நம்ம கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை புதன்கிழமை ஒரு டாக்டர் வாராகளாம். விருதுநகர்ல இருந்து."

"என்ன டாக்டர்?"

"மனசு டாக்டர்."

நான் கையை உதறிவிட்டு எழுந்தேன். "என்னையப் பைத்தியம்னு சொல்லுதியா?"

"பைத்தியம்னு யாரு சொன்னா? பயந்துட்டீகன்னு சொன்னாக. பயந்தது நெசந்தான?"

நான் போய்க் கை கழுவினேன். அவள் பின்னாலேயே வந்தாள். பிறகு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நீங்க வர வேண்டாம். நான் போறேன். எனக்குத்தான் தூக்கம் இல்ல. துணைக்கு மட்டும் வாங்க" என்றாள்.

துணைக்கு வர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் உறவில் ஒருவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் அவரை வைத்திருந்தார்கள். விருந்தாளிகள் வந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதா, தர்காவில் விடுவதா என்று பெரியவர்கள் பேசிப் பேசியே அவர் ஆயுள் முடிந்துவிட்டது. அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. பக்கத்தில் போவதற்கு இடமும் கேட்பதற்கு ஆளும் அவர்களுக்கு இல்லை. மனசு டாக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் சாத்திய அந்தக் கதவுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

புதன்கிழமை போனோம். மனநலப் பிரிவு என்று பச்சை எழுத்தில் பலகை மாட்டிய அறை. பக்கத்திலேயே நாய்க்கடி ஊசி போடும் இடம். இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. தெரிந்தவர் யாராவது கேட்டால் நாய் கடித்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த வரிசைப் பக்கமாகவே ஒதுங்கி நின்றேன். உள்ளே யாரோ சத்தம் போடுவார்கள், கட்டி வைத்திருப்பார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தேன். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தால் என்னைப் போலத்தான் இருந்தார்கள். ஒரு காலேஜ் பெண், கைக்குழந்தையோடு ஒரு தாய், தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிற அம்மா ஒருவர். யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவில்லை.

உள்ளே முப்பத்தைந்து வயதுக்குள் ஒரு டாக்டர். அவருக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பெண். "முதல்ல கவுன்சிலர் மேடத்தைப் பாருங்க" என்றார்கள். என் மனைவி என் காதில், "வார்டு கவுன்சிலரு இங்கன எதுக்கு வந்திருக்காக?" என்று கேட்டாள். அது அந்தப் பெண்ணின் காதிலும் விழுந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நான் ஓட்டு கேக்க வரலம்மா. பேச்சு கேக்க வந்திருக்கேன். உக்காருங்க" என்றார். அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

என் மனைவி தன் தூக்கத்தைப் பற்றிச் சொன்னாள். எதனால் தூக்கம் வரவில்லை என்று அவர் கேட்டார்.

"இவுக தூங்கல. இவுக மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே கெடப்பேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க எத்தனை நாளா தூங்கல?" என்று கேட்டார். அதட்டல் இல்லை, இரக்கப்படுகிற தோரணையும் இல்லை. ஊரில் மழை உண்டா என்று கேட்கிற மாதிரி கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அட்டைக் கட்டு விழுந்ததில் ஆரம்பித்து, கம்பெனி கேட், ஒற்றைச் செருப்பு, வண்டியில் படுத்திருந்த பெண்கள் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். வீட்டில்கூடச் சொல்லாதது எல்லாம் வந்தது. வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருந்தும் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் சொன்னார். "உங்க ஹார்ட்டு நல்லாத்தான் இருக்கு. ஒரு நாய் துரத்துனா ஹார்ட்டு வேகமா அடிக்கும், வேர்க்கும், மூச்சு வாங்கும். ஓடுறதுக்காக உடம்பு அப்படிச் செய்யுது. உங்களைத் துரத்துன நாய் எப்பவோ போயிருச்சு. உடம்புக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரல. சேர வைப்போம்."

"இது பைத்தியத்துல கொண்டுபோய் விடுமா டாக்டர்?"

"விடாது. இதுக்குப் பேர் இருக்கு, மருந்து இருக்கு, குணமாகும்."

மருந்து என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது பட்டாசுக்குள் அடைக்கிற கரிமருந்துதான். நல்ல அர்த்தத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

மாத்திரையைக் கீழே ஜன்னலில் வாங்கிக்கொண்டோம். டாக்டருக்கோ மாத்திரைக்கோ எங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாத்திரை உடனே வேலை செய்யாது, முதலில் வயிற்றைப் புரட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியேதான் நடந்தது. நிறுத்திவிடலாம் என்று நான் எடுத்த முடிவை என் மனைவி ஏற்கவில்லை. அவளுக்கும் கவுன்சிலர் மேடம் சில வழிகள் சொல்லிக் கொடுத்திருந்தார். என் மூச்சை எண்ணிக்கொண்டு கிடக்காமல் வேறு அறையில் போய்ப் படுப்பது அதில் ஒன்று. முதல் நாள் எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. அவளோ அசந்து தூங்கினாள்.

அடுத்த முறை நான் தனியாகவே போனேன். பெஞ்சில் இடம் தேடும்போது, தலையில் துண்டைப் போட்டு முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு ஒருவர் கடைசியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. அண்ணாச்சி!

"என்ன அண்ணாச்சி, இங்கன?"

திடுக்கிட்டுத் துண்டை எடுத்தார். ஆள் பாதியாகியிருந்தார். "சும்மா, பிரஷரு பாக்க வந்தேன். நீங்க?"

"நானும் பிரஷருக்குத்தான்."

பிரஷர் பார்க்கும் இடம் கட்டடத்தின் மறுகோடியில் இருக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். பிறகு அவர் எழுந்து, "வாரேன் பாய், தோட்டத்துல வேலை கெடக்கு" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள கடிக்க மாட்டாக அண்ணாச்சி. நான் போன வாட்டியே போய்ட்டு வந்துட்டேன். பிரஷரு இல்ல எனக்கு. பயம்."

அவர் நின்றார். அப்படியே மறுபடியும் உட்கார்ந்தார். "எனக்கும் அதான் பாய்" என்றார். பிறகு மெல்லச் சொன்னார். அந்த நாளுக்குப் பிறகு அவர் கம்பெனிப் பக்கம் போகவே இல்லை. தோட்டத்தில் மோட்டார் போடும் சத்தம்கூட ஆகவில்லை, தம்பிதான் போடுகிறார். இதற்கு முன்னும் இங்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிருக்கிறார். "நான் உங்க கூட கேட்டுக்கு வந்துட்டேன். அந்தப் புள்ளைக உள்ள இருந்துச்சுக. பேரு சொல்லிக் கூப்புடுத மாதிரியே இருக்கு பாய்." என்னைப் பார்த்தால் அந்த நாள் ஞாபகம் வரும் என்று பயந்து, என் போனை எடுக்காமல் இருந்திருக்கிறார். நானோ, என்மேல் ஏதோ வருத்தம் போலிருக்கிறது என்று நினைத்து அழைப்பதையே விட்டிருந்தேன்.

அவர் முறை வந்தபோது இருவருமாகத்தான் உள்ளே போனோம். கவுன்சிலர் மேடம் என்னை வெளியே போகச் சொல்லவில்லை. அவரிடம் மட்டும், "இவர் இருக்கட்டுமா ஐயா?" என்று கேட்டார். "இருக்கட்டும் தாயி. இவரும் அங்கன இருந்தவருதான்" என்றார் அண்ணாச்சி.

அதன் பிறகு புதன்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்து போவது வழக்கமாயிற்று. டாக்டர் எனக்குச் சின்னச் சின்ன வேலை கொடுப்பார். லோடு வண்டியில் ஏறிச் சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்கவேண்டும். பிறகு சாவி போட்டு இன்ஜினை ஓடவிட்டு உட்காரவேண்டும். பிறகு தெருமுனை வரைக்கும் ஓட்டவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு அடிக்கும். "அடிக்கட்டும், ஓட வேண்டாம், தானா எறங்கும்" என்று சொல்லியிருந்தார். தானாகத்தான் இறங்கியது. கடைத்தெருவைச் சுற்றி வந்த நாளில் பக்கத்துக் கடைக்காரர் கை தட்டினார். அவருக்கும் விஷயம் அதற்குள் தெரியும். மறைத்து வைக்கிற தெம்பு எனக்கு இருக்கவில்லை, வேண்டியும் இருக்கவில்லை.

ஒரு புதன்கிழமை கவுன்சிலர் மேடம் அண்ணாச்சியிடம் கேட்டார். "அந்த கம்பெனியில வேலை பாத்தவங்க நெறைய பேரு உங்க ஊரு பக்கம் இருக்காங்க. விபத்து நடந்தப்ப நாங்க வந்தோம். யாரும் சரியா பேசல. இங்கயும் யாரும் வர்றதில்ல. ஏன்?"

"வந்தா ஒரு நாள் சம்பளம் போயிரும்லா. ஞாயித்துக்கெழமைன்னா வருவாக. நீங்க வர மாட்டீக."

"வர்றோம்" என்றார் அவர். டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர், "போலாம்" என்றார்.

சொன்னபடி வந்தார்கள். ஆனைக்குட்டத்தில் ஊர் சமுதாயக் கூடத்தைக் கேட்டு வாங்கினார் அண்ணாச்சி. சுகாதார நிலையத்துக்காரர்கள் மனநல முகாம் என்று பேனர் கட்டினார்கள். காலையில் நானும் போயிருந்தேன். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. டாக்டரும் மேடமும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு லீவு நாள் அது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அண்ணாச்சியின் சம்சாரம் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி எழுதிப் போட்டா எவ வருவா?" என்று பேனரைக் கழற்றச் சொன்னார். பிறகு தெருத் தெருவாக நடந்தார். "தூக்கம் வராதவுகல்லாம் வாங்க. தலைவலி, நெஞ்சுவலி, சோறு எறங்கலன்னு இருக்கவுக வாங்க. நல்ல டாக்டரு வந்திருக்காக. எங்க வீட்டுக்காரரு இவுககிட்ட காமிச்சுத்தான் இன்னிக்கு எந்திரிச்சு நடமாடுதாக" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். வெயில் ஏறுவதற்குள் கூடம் நிறைந்துவிட்டது.

அன்று வந்தவர்களில் ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியாது. அவளுடைய அக்கா அந்த ஷெட்டில் இறந்தவர். இவளும் அதே கம்பெனியில் பெட்டி ஒட்டும் பகுதியில் இருந்தவள். சம்பவத்துக்குப் பிறகு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அவள் புருஷன் சொன்னார். கூடத்தின் ஓரத்தில் மேடத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேடமும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவளே பேசினாள். "அக்கா டிபன் டப்பா எங்கிட்டதான் இருக்கு."

கம்பெனியில் சாப்பாட்டுப் பைகளை ஷெட்டுக்குள் வைக்க விட மாட்டார்கள். தூரத்தில் ஒரு மரத்தடியில் மொத்தமாக மாட்டி வைப்பார்கள். அதனால் அக்காவின் பைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

"கழுவல இன்னும். மூடியத் தொறக்கவே இல்ல. தொறந்து கழுவிட்டா அவ போயிருவா."

கழுவிவிடு என்றோ, நடந்ததை மறந்துவிடு என்றோ மேடம் சொல்லவில்லை. "அன்னிக்கு என்ன கொழம்பு வெச்சிருந்தாங்க?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சுண்டவத்தக் கொழம்பு. கூட வெண்டைக்கா வதக்கல். எனக்குப் பிடிக்கும்னு கூட ரெண்டு கரண்டி போட்டு எடுத்திட்டு வருவா. மத்தியானம் எனக்குத் தருவா."

"உங்க அக்கா வைக்கிற கொழம்பு நல்லா இருக்குமா?"

"உப்பு கூடப் போட்டுருவா" என்று சொன்னவள் சிரிக்க ஆரம்பித்து, அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. அண்ணாச்சியின் சம்சாரம் போய் அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. அவள் இப்போது மாதம் ஒரு முறை சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொள்கிறாள். டப்பாவைக் கழுவினாளா என்று நான் கேட்டதில்லை. வேறு ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறாள், பேசுகிறாள். நான் லோடு கொண்டுபோனால், "பாய், ஒங்க அட்டையில பசையே பிடிக்க மாட்டேங்குது" என்று குறை சொல்கிறாள். அந்தக் குறையைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

ஆம், நான் மறுபடியும் லோடு அடிக்கிறேன். ஆனைக்குட்டம் ரோட்டில் முதல் தடவை போனபோது அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மூடிக் கிடந்த அந்த கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தி இறங்கினோம். நான் துஆ செய்தேன். அவர் கும்பிட்டார். இருவருக்கும் நெஞ்சு அடித்தது. அது இறங்குகிற வரைக்கும் அங்கேயே நின்றிருந்துவிட்டு வந்தோம். அவர் போர்மேன் வேலைக்குத் திரும்பவில்லை. தம்பியோடு நிலத்தைப் பார்க்கிறார். மோட்டாரை அவரே போடுகிறார். என் மாத்திரையை டாக்டர் மெதுவாகக் குறைத்தார். இப்போது கொஞ்சம்தான் மிச்சம். எப்போதாவது அது வரும். வந்தால் என்ன வந்திருக்கிறது என்று தெரியும், யாரிடம் போகவேண்டும் என்றும் தெரியும்.

அரசாங்கம் என்றால் எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு வரி, லைசென்ஸ், வரிசை என்றுதான் தோன்றும். குறை சொல்ல எனக்கும் ஆயிரம் உண்டு. ஆனால் யாரோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, பிரஷர் பார்க்கப் போகிற நர்ஸ் மனசைப் பற்றியும் கேட்கட்டும் என்று யோசித்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டர் வாரம் ஒரு நாள் சின்ன ஊருக்குப் போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது, என்னை அவர்களுக்கும் தெரியாது. எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையிலேயே வாழ்ந்து முடிந்த அந்த உறவினருக்கு இப்படி ஒரு பெஞ்சு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைப்பேன். மனசு கனக்கும். எனக்குக் கிடைத்ததற்கு அல்ஹம்துலில்லாஹ், எல்லாப் புகழும் இறைவனுக்கே என்பேன்.

இந்த வருடம் ரமலானுக்கு முன்னால் அந்த டாக்டருக்கு வேறு ஊருக்கு மாறுதல் வந்துவிட்டது. அவர் கடைசியாக வந்த புதன்கிழமை பிரியாணி செய்து கொண்டுபோவோம் என்றாள் என் மனைவி. எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று நான் சொன்னேன். "கடையில வாங்கிக் குடுத்தா வாங்க மாட்டாக. வீட்டுல ஆக்குனா சாப்புடுவாக" என்று சொல்லிவிட்டு விடியலிலேயே அடுப்பைப் பற்றவைத்தாள். அண்ணாச்சி தோட்டத்திலிருந்து ஒரு பை நிறைய வெள்ளரிப் பிஞ்சு கொண்டுவந்தார். நோயாளிகள் எல்லாம் போன பிறகு அந்த அறையிலேயே மேஜையை ஒதுக்கி இலை போட்டோம். டாக்டர் மறுத்துப் பார்த்தார், என் மனைவியிடம் அது செல்லவில்லை. மருந்து கொடுக்கிற ஜன்னல்காரர் வந்தார், நாய்க்கடி ஊசி போடுகிற நர்ஸ் வந்தார். கவுன்சிலர் மேடம், "எனக்கு ஓட்டு போடாமலே விருந்து வைக்கிறீங்களேம்மா" என்றார்.

டாக்டர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, "அங்கேயும் புதன்கிழமைதான் எனக்கு கேம்ப்பு" என்றார்.

"அது எந்த ஊரோ, அவுக குடுத்து வெச்சவுக" என்றாள் என் மனைவி. மிச்சமிருந்த பிரியாணியை ஒரு தூக்குவாளியில் போட்டு, பஸ்ஸில் சிந்திவிடாமல் இறுக்கி மூடி, அவர் கையில் கொடுத்தாள்.